பின்பக்கம் தூக்கிப் போடும் வண்டிக்குச் சில கைவைத்தியங்கள்

உங்கள் லோடு வண்டி சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் இடுப்பில் உலக்கை விழுந்த மாதிரி இருக்கிறதா? பின்பக்கம் ஆட்டுக்குட்டி போலத் துள்ளுகிறதா? நல்லது. செய்யக் கூடாத காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காதீர்கள். பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால், நாலு பேரிடம் யோசனை கேட்டு, நாலு பேர் சொன்னதையும் செய்து, நாலு கடையில் காசைக் கொடுக்கும் பாக்கியம் போய்விடும். நான் எட்டு மாதம் குனியாமலே காலம் தள்ளினேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பிழைப்பு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றி மதுரை மாட்டுத்தாவணியில் இறக்குவது. போகும்போது லோடு, வரும்போது பெரும்பாலும் காலி. வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. 2005இல் டாடா ஏஸ் வந்து, ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்ததிலிருந்து, எங்கள் பக்கம் சின்ன லோடு வண்டி எதுவானாலும் குட்டியானைதான். என்னுடையது அதைவிட ஒரு சுற்றுப் பெரியது. ஆர்.சி. புத்தகக் கணக்குப்படி ஒன்றேகால் டன் ஏற்றலாம். கம்பெனியைத் திட்ட வழியில்லை என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அதுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

வைத்தியம் தொடங்க வேண்டிய இடம் டீக்கடை. வண்டியைக் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "பின்னாடி ரொம்பத் தூக்கிப் போடுதுப்பா" என்று பொதுவாகச் சொன்னால் போதும். யாரிடமும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

"அண்ணே, ஷாக் போயிருச்சு" என்றான் பால் வண்டி ஓட்டுகிற தம்பி, என் வண்டி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அதெல்லாம் இல்லப்பா, யூ போல்ட்டு லூசு. எனக்கும் இப்படித்தான்" என்றார் முட்டை லோடு அடிக்கிற பெரியவர்.

மனைவியின் தம்பி கூட வந்திருந்தான். "மாமா, டயர மாத்துங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்றான். அவனுடைய சிநேகிதன் டயர்க் கடை வைத்திருக்கிறான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மட்டும், "ரோட்டச் சொல்லுங்க, வண்டிய ஏன் சொல்றீங்க" என்றார். அவர் சைக்கிளில் வருகிறவர்.

நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வண்டிக்கு வந்த வியாதியைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

வாத்தியார் சொன்னதில் நியாயம் உண்டு என்பதால் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும்படி ஆமை முதுகு போன்ற வளைவு. எங்கள் பாதையில் உள்ள ஊர்க்காரர்கள் இந்த விதியை ஓரளவு மதிக்கிறார்கள். உயரத்தில் குறை வைப்பதில்லை. அகலத்தை மட்டும் ஒன்றரை அடிக்குச் சுருக்கி, திருவிழாவுக்கு முந்தின ராத்திரி மிச்சமிருந்த சிமெண்டைக் கொட்டித் தடவி விடுகிறார்கள். ஆனால் அதே வேகத்தடையில் எனக்கு முன்னால் போன வண்டி நல்ல பிள்ளையாக இறங்கிப் போனது. என்னுடையது மட்டும் குதித்தது. ரோடு தப்பித்துக்கொண்டது.

அடுத்தது காற்று. இது உண்மையிலேயே முதலில் பார்க்க வேண்டியது. காசு செலவில்லாதது என்பதால் யாரும் முதலில் பார்ப்பதில்லை. பெட்ரோல் பங்க்கில் பையன் குழாயோடு வந்து "எவ்ளோண்ணே?" என்று கேட்டால், "ஃபுல்லா வைப்பா" என்று சொல்லுவது என் வழக்கம். ஃபுல் என்றால் எவ்வளவு என்று அவனும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைத்தான் வைக்க வேண்டிய அளவு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும். சில வண்டிகளில் கதவோரத்திலும் ஒட்டியிருப்பார்கள். அதுவும் காலையில், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டிய அளவு.

டயரும் ஒரு ஸ்பிரிங்தான். பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். கல் மாதிரி காற்றடைத்துவிட்டால் பின்னால் இருக்கிற மற்றவர்கள் என்ன செய்வார்கள்? என் பின் டயர் இரண்டிலும் புத்தகத்தில் சொன்னதைவிடப் பத்து பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தது. இறக்கினேன். இடுப்பில் விழுந்த உலக்கை மத்தாக மாறியது. குணம்தான், ஆனால் முழுக் குணம் இல்லை. (சொகுசாக இருக்கிறதே என்று இன்னும் கீழே இறக்கி லோடு ஏற்றிவிடாதீர்கள். டயர் சூடேறி நடுரோட்டில் வெடிக்கும்.)

மூன்றாவது, ஷாக் அப்சார்பர். இதன் பேரிலேயே ஒரு ஏமாற்று இருக்கிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இது இல்லை, அடியில் வில்லாக வளைந்திருக்கும் ஸ்பிரிங் பட்டைதான். பட்டை அமுங்கி நிமிர்ந்து, மறுபடி அமுங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவது மட்டும்தான் ஷாக்கின் உத்தியோகம். உள்ளே எண்ணெய் சின்னத் துவாரங்கள் வழியாக நெருக்கியடித்துப் போகும். ஆட்டம் சூடாக மாறிக் கரைந்துவிடும். ஷாக் செத்துவிட்டால் பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி பரிசல் மாதிரி இரண்டு மூன்று ஆட்டம் போடும். ஒரே போடாகப் போட்டுவிட்டு உடனே அடங்கிவிட்டால் ஷாக்கின் மேல் பழி போட முடியாது.

இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே, எப்போது தெரிந்துகொண்டேன் என்று கேட்கிறீர்களா? இரண்டு புது ஷாக் வாங்கி மாட்டிய பிறகு. ஒழுகுகிற ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டி, பணியாரச் சட்டியின் அடி மாதிரி அப்பிப் போயிருக்கும். கழற்றிப் போட்ட என் பழைய ஷாக் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. கடைக்காரர் அவற்றைக் கையில் எடுத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "பழசு இங்கயே கெடக்கட்டும்ணே, நீங்க எதுக்குத் தூக்கிட்டு அலையிறீங்க" என்று அன்போடு உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்த அன்பு அப்போது புரியவில்லை.

குதித்துப் பார்க்கும் சோதனை என்று ஒன்று உண்டு. காரின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டால் அது ஒரு தடவை மேலே வந்து அடங்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் வீணாகிவிட்டது என்று அர்த்தம். காருக்குச் சரி. ஒன்றேகால் டன் சுமக்கச் செய்த பட்டை என்னுடைய எழுபத்திரண்டு கிலோவுக்கு மதிப்புக் கொடுக்குமா? மாப்பிள்ளையும் நானும் பின்னால் ஏறி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒன்றாகக் குதித்தோம். தெருவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். வண்டி அசையவில்லை. என் செருப்பு வார் அறுந்தது. இரண்டு ஆள் குதித்தும் ஒரு விரற்கடைகூட அமுங்காத வண்டி என்ன சொல்ல வருகிறது என்று அப்போதே யோசித்திருக்கலாம். செருப்புத் தைப்பவரைத் தேடிப் போய்விட்டேன்.

இனி, காதால் செய்யும் வைத்தியம். இதில்தான் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பாஷையும் தோதாக இருக்கிறது. கிறீச் கிறீச் என்று பழைய மரத்தொட்டில் ஆடுகிற சத்தம் வந்தால், பட்டைகள் காய்ந்து ஒன்றோடொன்று உரசுகின்றன, அல்லது பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ் காய்ந்திருக்கிறது. கியர் போட்டுக் கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் டக் என்று ஒரே ஒரு சத்தம் வந்தால், புஷ் தேய்ந்து துளை முட்டை வடிவமாகிவிட்டது, அல்லது முட்டைக்காரப் பெரியவர் சொன்ன மாதிரி பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் முன்னே பின்னே நகர்கிறது. இரண்டாவதாக இருந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் நடுபோல்ட் அறுந்தால் பின்சக்கரம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போகும். லோடோடு பள்ளத்தில் இறங்கும்போது டம் என்று சேஸிஸையே அறைகிற சத்தம் வந்தால், பட்டை தொய்ந்து, பம்ப் ஸ்டாப் ரப்பரில் ஆக்சில் போய் மோதுகிறது, அல்லது அந்த ரப்பரே இல்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கம் ஒரு பட்டை உடைந்திருக்கலாம். பெரும்பாலும் நடுபோல்ட் துளையிலோ முனையில் சுருட்டிய கண்ணுக்குப் பக்கத்திலோ உடையும். லொட லொட என்று எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால் கவலையே வேண்டாம். அது ஜாக்கியும் ஸ்பானரும் பின்கதவுக் கொக்கியும் பேசிக்கொள்வது.

என் வண்டியில் இந்த லொடலொடாவைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை. குலுக்கல் மட்டும்தான். ஊமை வியாதி.

எனவே எண்ணெய் வைத்தியத்துக்கு வந்தேன். இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. தாத்தா காலத்தில் பண்ணை வீடுகளில் வில்வண்டி இருக்கும். கட்டைவண்டியில் போனால் குடல் கலங்கும். வில்வண்டியில் போனால் மடியில் குழந்தை தூங்கும். அடியில் இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து அடுக்கியிருப்பதால்தான் அந்தப் பேர். என் பிக்கப்பின் பின்பக்கமும் வேறொன்றும் இல்லை, அதே வில்தான். மேலே நீளமான மெயின் பட்டை, இரண்டு முனையிலும் சுருட்டிய கண். அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பட்டைகள். சுமை ஏறும்போது வில் நிமிரும். நிமிரும்போது பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். துரு ஏறி ஒட்டிக்கொண்டால் வழுக்காது. சின்னச் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வில் வளையவே வளையாது, மொத்தமும் ஒரே இரும்புக் கட்டையாக நின்று அடியை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

ஆகவே வாட்டர் சர்வீஸ் விடும்போது பட்டைகளுக்கு வேஸ்ட் ஆயில் அடித்துவிடச் சொல்லுவது வழக்கம். நானும் அடித்தேன். இரண்டு நாள் பட்டுப் போல ஓடியது, அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரத்துப் புழுதி முழுதும் அந்த எண்ணெயில் குடியேறி, பட்டைகளுக்கு நடுவே உப்புத்தாள் வைத்த மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் பட்ட ரப்பர் புஷ் ஊறி உப்பிப்போகும் என்பதைப் பிறகு சொன்னார்கள். முறையாகச் செய்வதானால் கட்டைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்க வேண்டும். இதற்கு வண்டியை ஒரு நாள் நிறுத்த வேண்டும். தக்காளி நிற்குமா?

இந்த இடத்தில் ஒரு முக்கியமான ஆலோசனை. காற்று, ஷாக், எண்ணெய், சீட்டுக்கு ஒரு மெத்தை, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததுக்குப் போனால் எது வேலை செய்தது என்று தெரிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

எட்டாவது மாதம் ஒரு தக்காளி காட்டிக்கொடுத்தது. மாட்டுத்தாவணியில் பெட்டி இறக்கும்போது ஒன்று நழுவி விழுந்தது. ஒரு தக்காளி உருண்டு பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகப் போய் நின்றது. அன்றைக்கு விலை நல்ல விலை; விட மனசில்லை. சமதரை, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருந்தேன். துண்டை விரித்துப் படுத்து, செல்போன் லைட்டைப் போட்டு உள்ளே நகர்ந்தேன். (ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் மட்டும் எந்தக் காலத்திலும் இப்படிப் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் கேலி இல்லாத வரி இது.)

தக்காளியை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணுக்கு நேரே பம்ப் ஸ்டாப் இருந்தது. சேஸிஸில் தொங்குகிற கறுப்பு ரப்பர். லோடில் ஆக்சில் மேலே ஏறும்போது தொட்டுத் தொட்டு அதன் முனை பளபளத்திருக்க வேண்டும். என்னுடையதன் முனையில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. சாவகாசமாகக் கட்டிய, மூன்று அறையுள்ள, முழுசான வீடு. ஒரு கீறல் இல்லை. ஒரு டன்னுக்கு மேல் தக்காளியோடு அத்தனை வேகத்தடை ஏறி இறங்கியும் ஆக்சில் ஒரு முறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். இந்த வண்டிக்குத் தொய்வு வியாதி இல்லை. விறைப்பு வியாதி.

லைட்டைப் பட்டைகளின் மேல் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் ஒரே கனம், ஒரே கறுப்பு. நடுவே ஆறாவதாக ஒன்று, மற்றவற்றைவிடத் தடிமனாக, வேறு நிறத்தில், சம்பந்தியின் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது. இதை எவன் போட்டான் என்று ஒரு நிமிடம் கோபம் வந்தது. படுத்த வாக்கிலேயே யோசித்தேன். நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசனில், ஒரு நடையில் 130 பெட்டி ஏற்றலாம் என்று ஆசைப்பட்டு, பக்கத்துக்கு ஒன்றாக எக்ஸ்ட்ரா பட்டை போட்டேன். பெட்டி 14 கிலோ. 130 பெட்டி 1,820 கிலோ. சீசன் முடிந்து பழையபடி 85 பெட்டிக்கு வந்துவிட்டேன். பட்டை மட்டும் தங்கிவிட்டது. கொஞ்ச நாள் காலி நடையே குறைவாக இருந்ததால் உறைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தோடு ஆறாவது சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்குதானே விறைப்புக் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. என் பழைய பட்டை 8 மில்லிமீட்டர். சேர்த்தது பெரிய வண்டியிலிருந்து எடுத்த 10 மில்லிமீட்டர். இரண்டு மில்லிதானே? அந்த ஒன்று, பழையதில் கிட்டத்தட்ட இரண்டுக்குச் சமம். மொத்தக் கட்டும் ஏறக்குறைய நாற்பது சதவீதம் விறைத்துவிட்டது. கம்பெனிக்காரர்களும் லோடுக்கென்று அடியில் தடித்த பட்டை வைப்பதுண்டு. அது காலி வண்டியில் ஒதுங்கி நிற்கும், சுமை அமுக்கும்போதுதான் தோள் கொடுக்கும். என்னுடையதற்கு ஒதுங்கத் தெரியாது.

இதற்குள் சட்டம் வேறு இருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அளவுக்கு மீறி ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் மேற்கொண்டு. பட்டையை ஏற்றிவிட்டால் பிரேக்கும் ஆக்சிலும் டயரும் தாமாகப் பெரிதாகிவிடாது என்பதையும் அந்த சீசனில் நான் நினைக்கவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

திண்டுக்கல்லில் பட்டை வேலை பார்க்கிற பெரியவரிடம் போனேன். வண்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

"நீதானே தம்பி போடச் சொன்ன? காலியா வந்தா இடுப்பு ஒடியும்னு அன்னைக்கே சொன்னேன். நீ தக்காளி வெலயப் பத்தியே பேசிக்கிட்டு இருந்த."

சேஸிஸுக்கு முட்டுக் கொடுத்து, யூ போல்ட்டுகளைக் கழற்றி, நடுபோல்ட்டை உருவினார். கட்டு வாழைச்சீப்பு மாதிரி விரிந்தது. புஷ்களையும் மாற்றினார். எனக்குப் பழைய யூ போல்ட்டையே போட ஆசை. "இழுபட்டுப் போன மரை மறுபடி பிடிக்காது" என்று அதைக் குப்பையில் எறிந்தார். வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் கண்ணுகளின் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கினார்; தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியுமாம். "நாலு நாள் ஓட்டிட்டு வா, யூ போல்ட்ட இன்னொரு டைட் வைக்கணும்" என்றார். மொத்தச் செலவு ஒரு ஷாக்கின் விலைகூட வரவில்லை.

அன்றைக்குக் காலி வண்டியோடு திரும்பும்போது, திருவிழாச் சிமெண்ட் வேகத்தடையில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏறினேன். பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்து அடங்கியது. ஜாக்கி மட்டும் லொட என்றது.

கழற்றிய இரண்டு பட்டையையும் ஊர்க் கொல்லரிடம் கொடுத்தேன். அரிவாளுக்குப் பட்டை இரும்பைப் போல வராது என்பது ஊரறிந்தது. ஒன்றை வெட்டிக் காய்ச்சி அடித்துக் கொடுத்தார். என் மனைவி அதில்தான் இப்போது இளநீர் சீவுகிறாள். ஒரே வெட்டு.

போன வாரம் மார்க்கெட்டிலிருந்து தரகர் போன் பண்ணினார். "அண்ணே, நாளையிலருந்து பத்து நாளைக்கு நடைக்கு 130 பெட்டி, வாடகை ஒன்றரை மடங்கு. முடியுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாவது பட்டை இன்னும் கொல்லர் வாசலில்தான் கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று டீக்கடையில் கேட்டு வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று பேர் ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.